இடது கைக் கொலைகாரி

யோலாந்தாவை ரோமில் சினிமாக்காரர்கள் யாருக்கும் இப்போது ஞாபகமில்லை. கடைசி இருபத்தாறு வருடம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தாள். அதற்கு முன் படங்களுக்குக் கன்டினியூட்டி பார்த்தாள். முந்தைய ஷாட்டில் கோப்பையில் எவ்வளவு காபி இருந்தது, நடிகையின் முடி எந்தக் காதில் விழுந்தது என்றெல்லாம் குறித்து வைக்கும் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வாயும் சும்மா இருக்காது, அதுதான் வினை.

எழுபத்திரண்டாம் வருடம் பால்தோனி எடுத்த கொலைப் படத்தில் இருவரும் வேலை செய்தோம். நான் கேமராவுக்கு ஃபோகஸ் பார்ப்பவன். இந்த மாதிரிப் படங்களில் கொலைகாரன் முகம் கடைசிவரை தெரியாது, கறுப்புக் கையுறை மட்டும்தான். அதை டைரக்டர் பால்தோனி தானே மாட்டிக்கொள்வார், வேறு யாரையும் தொடவிட மாட்டார். நான்கு கொலையும் அவர் கை செய்ததுதான். மனிதர் இடது கைக்காரர். கதைப்படி கொலை செய்தது யார் என்று அப்போது அவருக்கே தெரியாது. பழம்பொருள் கடைக்காரரின் மனைவிதான் என்று கடைசி வாரத்தில் முடிவு செய்தார்.

யோலாந்தா நோட்டோடு வந்து நின்றாள். "அந்தம்மா மூணு சீன்ல வலது கையால எழுதறாங்க சார்."

"ரத்தம் தெறிக்கறப்ப எந்தக் கைன்னு எவம்மா பாக்கப் போறான்?"

"டப்பிங்ல ஒரு வரி சேத்தா போதும் சார். 'சின்ன வயசுல நான் இடது கைதான், கன்னியாஸ்திரிங்க அடிச்சு மாத்திட்டாங்க'ன்னு. அவங்க முதுகு காட்டி நிக்கற ஷாட் இருக்கு, வாயசைவுகூட வேணாம்."

அருமையான யோசனை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"நீ காபி அளவப் பாரு. கதைய நான் பாத்துக்கறேன்," என்றார் பால்தோனி.

படம் வந்தது. குறை மட்டும் சொன்னால் பாவம். மாடிப்படிக் கொலையில் சிவப்புக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும்போது தியேட்டரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மியூசிக் டைரக்டர் போட்ட இசை இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை. கடைசிக் காட்சியில் அந்தம்மா வலது கையில் கத்தியை ஓங்கினாளோ இல்லையோ, முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், இவ்வளவு நேரம் இடது கையால குத்தினவ யாருய்யா?" அரங்கமே சிரித்தது. அத்தோடு பயம் போனது.

பத்திரிகையில் வண்ணத்தையும் இசையையும் புகழ்ந்தார்கள். கதை சல்லடை மாதிரி ஓட்டை என்றார்கள். கன்டினியூட்டி பார்த்தவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி. டைட்டிலில் அந்த வேலைக்கு இருந்தது யோலாந்தாவின் பெயர் ஒன்றுதான்.

அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார் தயாரிப்பாளர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஸ்டூடியோ கேன்டீனுக்கே வந்துவிட்டாள். மேஜையில் தயாரிப்பாளர், பால்தோனி, நான். அவள் நேராகப் பால்தோனியிடம் போனாள்.

"நான் முன்னாடியே சொன்னேன்னு ஒரு வார்த்தை இவர்கிட்ட சொல்லுங்க சார். இல்லேன்னா இனிமே எனக்கு யாரும் வேலை தரமாட்டாங்க."

பால்தோனி வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நட்சரேனோ, நீ பக்கத்துலதான நின்ன?"

அடுத்த படத்துக்கு என் பெயரைப் போட்டாகிவிட்டிருந்தது. "கேமரா ஓடிட்டிருந்துச்சு யோலாந்தா. சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

அப்போது கேமரா ஓடவில்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன? தயாரிப்பாளர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். யோலாந்தா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு என் தட்டைப் பார்த்தாள்.

"பாஸ்தா ஆறிப்போகுது, சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.