பேசக் கூடாத வீட்டில் சமையல்

வாய் திறக்கக் கூடாதவர்களுக்குச் சமைப்பதைப் போலத் திண்டாட்டமான வேலை வேறில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அடுத்தவர் அடுப்படியில் நின்று பழகிய நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

இலங்கைத் தேயிலை மலையில், மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக் கரையில் இருக்கும் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா இப்போது கிறிஸ்தவத் தியான இல்லம். வருகிறவர்கள் மூன்று நாள் பேசாமல் ஜெபம் செய்வார்கள். சமையல் நான்.

பூரான்

சேர்ந்த வாரமே, எல்லாரும் தலைகுனிந்து சாப்பிடும்போது மேசைக்கடியில் பூரானைக் கண்டேன். "ஐயோ, பூரான்! கால தூக்குங்க!" என்று கத்தியதில் கையிலிருந்த சோற்றுச் சட்டியும் விழுந்தது.

பொறுப்பாளர் சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்திலும் குரல் உயராது. வேலை போனால் பின்கட்டில் எனக்குத் தந்த அறையும் போகும். தோட்டத்து லயத்தில் தம்பியின் ஒற்றை அறைக் காம்பராவில் ஏழாவது ஆளாக முடங்க வேண்டும். சிஸ்டர் நான் சமைக்கும் குசினிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னொருக்கா மௌன நாளில உங்கட சத்தம் கேட்டால், நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

பருப்பு

அதன்பின் இருமக்கூடப் பயந்தேன். சாப்பாடு எப்படி என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் தட்டுகள் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாம் நாள் மௌனம் முடிந்ததும், வட்டவளையிலிருந்து வந்த ஒருவர் குசினி வாசலில் நின்று பணிவாகக் கேட்டார்: "அக்கா, மூணு நாளா பருப்புல உப்பே இல்லீங்க. அதுவும் தியானத்துல சேர்ந்ததுங்களா?"

அட்டை

போன மழைக்கு வந்தவர்களில் ஹட்டன் டீச்சரம்மா ஒருவர். ஜெப அறையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். குதிகாலில் அட்டை, திராட்சை போல ஊதியிருந்தது. கத்த முடியாது. பேசின் சட்டியில் சவுக்கார நுரைத் தண்ணீர் கொண்டுவந்து, மண்டியிட்டுத் தேய்த்தேன். அட்டை விழுந்தது. இரத்தம் நிற்கவில்லையே என்று காலைக் கழுவினேன்.

டீச்சரம்மா கண்ணைத் திறந்தார். காலடியில் நான். பொலபொலவென்று அழுதார். இயேசு சாமி தம் சீடர்களின் காலைக் கழுவினாராம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் கண்ணீரோடு காலை நீட்டினார். விளக்கம் சொல்ல வாயைத் திறக்க முடியுமா? பதினொரு பேர் காலைக் கழுவினேன். நிமிர்ந்தால் வாசலில் சிஸ்டர். பின்கட்டு அறை போயிற்று என்றே நினைத்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மௌனம் முடிந்த பிறகு குசினிக்கு வந்தார். "இப்பிடிச் செய்யோணுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தோன்றினது?" என்றார். பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. "அட்டைங்க சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் குசினிக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அதிலிருந்து ஒவ்வொரு தியானத்திலும் முதல் நாளே எல்லார் காலையும் சவுக்காரம் போட்டுக் கழுவி, நுரையை அலசாமல் விட்டுவிடுகிறேன்: அவர்களுக்கு ஆசீர்வாதம், அட்டைக்கு வழுக்கல், எனக்குப் பின்கட்டு அறை.