திறக்காத படம்

அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை தேனியிலிருந்து கம்பத்தில் இருக்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் வருவேன். அன்றைக்கும் காட்டிவிட்டு, ஊர் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஒரு மாத்திரை மட்டும் கிடைக்காமல் இருந்தது. எதிரே இருந்த மெடிக்கலில் கேட்டுப் பார்க்கலாம் என்று அம்மாவை சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"இங்கனயே இரும்மா. இந்தா வந்திர்றேன்."

"போய்ட்டு வா" என்றாள். அந்தக் குரல் தெளிவாக இருந்ததால்தான் நம்பிப் போனேன்.

மெடிக்கலில் நாலு பேர் நின்றார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது பெஞ்சில் அம்மா இல்லை. பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"பச்சச் சேல கட்டுன அம்மாவா? டவுன் பஸ் வந்துச்சு, ஏறிட்டாகளே. தனியா வந்தவுகன்னுல்ல நெனச்சேன்."

"எந்த ஊர் பஸ்?"

"பாக்கலையேண்ணே."

அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பஸ் போனது என்று டைம் கீப்பருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. உத்தமபாளையம் போயிருக்கலாம், கூடலூர் போயிருக்கலாம், குமுளி ஏறியிருந்தால் கேரளாவுக்குள்ளேயே போயிருப்பாள். ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போலீஸ்காரரிடம் ஓடினேன். அவர் பதறாமல் கேட்டார்.

"போட்டோ இருக்கா?"

இருந்தது. காலையில் கிளம்பும்போது அதே பச்சைச் சேலையில் வாசலில் நிறுத்தி எடுத்திருந்தேன். துபாயில் இருக்கும் தம்பி போன வருடம் கொண்டுவந்து கொடுத்த போன் அது. படம் துல்லியமாக விழும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் தெளிவைக் குறைத்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அம்மாவின் முகம் மங்கிவிடக் கூடாது. எனவே அவருக்கு டாக்குமெண்டாக அனுப்பினேன். குடும்ப குரூப்புக்கும் அனுப்பினேன். காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் என் காலேஜ் சிநேகிதனுக்கும் அனுப்பி, ஊர் குரூப்பில் போடச் சொன்னேன்.

போலீஸ்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். "ஓப்பன் ஆகலையே சார்."

"நெட் ஸ்லோவா இருக்கும் சார். எனக்கு நல்லாத் தெரியுதே."

என் போனை நீட்டிக் காட்டினேன். அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவர் அடையாளங்களை வாயால் கேட்டு எழுதிக்கொண்டார். நான் மறுபடி ஸ்டாண்டுக்குள் ஓடி, வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். வடுகபட்டியில் இருக்கும் தங்கச்சி மூன்று முறை கூப்பிட்டாள். ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் லைன் கிடைக்காமல் போய்விடுமே என்று மூன்று முறையும் கட் செய்தேன்.

படத்தைப் பிரிண்ட் போட்டுக் கண்டக்டர்களிடம் கொடுக்கலாம் என்று தோன்றியது அதற்கப்புறம்தான். ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் நம்பருக்கு அதே ஃபைலை அனுப்பினேன். அவள் கம்ப்யூட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இது ஹெச்.இ.ஐ.சி. ஒங்க மாதிரி போன்ல எடுக்குறது. எங்க சிஸ்டத்துல தொறக்காது. நெறையப் பேரு போன்லயும் தொறக்காது. ஜே.பி.ஜி.யா மாத்தணும்."

"எவ்ளோ நேரமாகும்?"

"ஒரு நிமிசங்கூட ஆகாது. டாக்குமெண்டா அனுப்பாதீக, போட்டோவாவே அனுப்புங்க. அதுவே மாத்திக்கிரும்."

அப்போதுதான் குடும்ப குரூப்பைத் திறந்து பார்த்தேன். நான் அனுப்பிய ஃபைலுக்குக் கீழே வரிசையாகக் கிடந்தது: 'தொறக்கல.' 'என்ன ஃபைல் இது?' 'அண்ணே, படம் வரல, வேற அனுப்பு.' கடைசியாகச் சொன்னது தங்கச்சி. மணியைப் பார்த்தேன். ஐம்பது நிமிடம் போயிருந்தது. போட்டோவாக எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன். அந்தப் பெண் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தாள் வெளியே வரும்போது சிநேகிதன் கூப்பிட்டான்.

"ஏலே, அம்மா எங்க ஊர்லதான் இருக்காக. திராட்சத் தோட்டத்துல. ஒண்ணுமில்ல, நல்லாருக்காக. நீ பதறாம வா."

ஆட்டோ பிடித்துப் போனேன். அம்மா தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு பஸ் ஏறி, அவர்களோடேயே இறங்கி, அவர்கள் பின்னாலேயே தோட்டத்துக்குள் நடந்திருக்கிறாள். புதிதாக வேலைக்கு வந்த ஆள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே சாக்கு விரித்து, கத்திரியால் கூடையிலிருந்த குலைகளில் அழுகின பழங்களை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. நான் முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரியவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கூடை முடியட்டும், இரு" என்றாள்.

அங்கே வேலை வாங்குகிற மேஸ்திரி தன் போனை என்னிடம் காட்டினார். ஊர் குரூப்பில் சிநேகிதன் போட்ட என் முதல் ஃபைல், அதற்குக் கீழே அம்மாவின் படம்.

"மொதல்ல வந்தத அமுக்கி அமுக்கிப் பாத்தேன் தம்பி. தொறக்கல. சரின்னு போனச் சட்டப் பையில போட்டுட்டேன். அப்ப இவுக இந்தா, இந்த எடத்துலதான் ஒக்காந்திருந்தாக. தொறந்திருந்தா அப்பவே சொல்லிருப்பேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கூடை முடியும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்கில் தேடிப்பிடித்து, இனி எடுக்கிற படமெல்லாம் ஜே.பி.ஜி.யாகவே விழும்படி மாற்றினேன். பழைய படங்களில் அம்மா இருப்பதை மட்டும் பொறுக்கி மாற்றி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மாற்றியதைத் தங்கச்சிக்கும் தம்பிக்கும் அனுப்பி, தெரிகிறதா என்று கேட்டேன்.

தங்கச்சி போனில் கூப்பிட்டாள். "தெரியுது" என்றாள். பிறகு, "அன்னைக்கு இதச் சொல்றதுக்குத்தாண்ணே மூணு தடவ கூப்பிட்டேன்."

"தெரியும்" என்றேன்.

அப்புறம் அவள், அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.