பத்தொன்பது வாசல்

யுத்தகாலக் கொழும்பில் தனியாக வாழ்வதற்கென்று நானே எனக்குச் சில சட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். வீதியில் வாய் திறந்தால் சிங்களம். அயலில் யாரையும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது. தெரிந்தால் அவர்களைப் பிடிக்கும்போது என்னைக் கேட்பார்கள், என்னைப் பிடிக்கும்போது அவர்களைக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடந்தாலும் ஓடக்கூடாது. ஓடுகிற தமிழனிடம் யாரும் நேரம் என்ன என்று கேட்பதில்லை.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முந்தின வருடமே கனடா போய்விட்டார்கள். எனது கடுதாசிகள் "வரும், வரும்" என்ற நிலையில் இருந்தன. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு முட்டு ஒழுங்கையின் கோடியில், ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒழுங்கையில் எனது வீட்டைத் தவிரப் பத்தொன்பது வாசல்கள். இரண்டு வருடம் இருந்தும் ஒரு வாசலில்கூட நான் நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய் கனடாவுக்கு அழைக்க வேண்டும். மற்றபடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு பல்லி. கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; பல்லிக்குப் பதிவு இல்லை என்று நினைக்கிறேன். என்னைக் கண்டாலே ஒளித்துவிடும்.

பிழைப்பு வெள்ளவத்தையில். டியூட்டரி ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். நிகழ்தகவு எனக்குப் பிடித்த பாடம். என் சொந்த வாழ்க்கையில் மட்டும் ஆபத்தின் நிகழ்தகவு எப்போதும் ஒன்று.

அன்று பின்னேரம் வழக்கத்தைவிடச் சோதனை கூட. முதல்நாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன், திருப்பித் தந்தார்கள், சட்டைப் பைக்குள் போட்டேன். போட்டதாக நினைத்தேன். பிறகு, ஓடாமல், ஆனால் ஓடுவதற்கு மிகக் கிட்டிய ஒரு நடையில் ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

பின்னால் செருப்புச் சத்தம். பிறகு ஒரு குரல், சிங்களத்தில்: "மாத்தயா! மாத்தயா! பொட்டக் இன்ன!" ஐயா, கொஞ்சம் நில்லுங்கள் என்கிறான். சிவில் உடுப்பில் வந்த பொலிஸ்தான் என்று முடிவெடுத்தேன். என் சட்டப்படி நான் நின்றிருக்க வேண்டும். ஓடினேன். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான். அப்போதும் ஐந்தாவதாக வந்தவன். செருப்புச் சத்தம் கிட்ட வந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. பொலிஸ் இல்லை, கள்ளன் என்று மூளை திடீரென்று முடிவை மாற்றியது. கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்த மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைச் சுழற்றினேன். சுழற்றிக்கொண்டே உரத்துக் கத்தினேன்: "ஹொரா! ஹொரா!"

கள்ளன் என்றால் சிங்களத்தில் அதுதான். கவனியுங்கள், உயிர் போகிற பயத்திலும் எனது முதலாவது சட்டத்தை நான் மீறவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஒரு மனிதர் நிலத்தில் குந்தியிருந்தார். நெற்றியிலிருந்து சிவப்பாக வழிந்தது. ஐயோ, கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சிவப்பில் பெரும்பங்கு மத்தியானத்து மீன்குழம்பு. சின்னப் பங்கு இரத்தம். அதற்குள் வாசல்கள் திறந்தன. ஒழுங்கை முகப்பில் நிற்கிற திரீவீல்காரர் மூன்று பேர் ஓடி வந்து என்னை எதுவும் கேட்காமல் அவருக்கு அடித்தார்கள். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கரியரின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இருவரையும் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் அவரது சட்டைப் பையிலிருந்து எனது அடையாள அட்டை வந்தது. சந்தியில் விழுந்தது, எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிட்டேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் பெயரைச் சொன்னபோதுதான் அவரும் தமிழர் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து ஒழுங்கைக்காரர், பைப் வேலை செய்கிற பாஸ்; கைவேலைக்காரரைக் கொழும்பில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைப் போலவே அவரும் வீதியில் தமிழ் கதைப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். இரண்டு தமிழர், ஒருவரையொருவர் சிங்களத்தில் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, இந்த ஆள்தான் களவெடுத்ததா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த இடத்தில் எனக்கு உண்மை தெரியும். ஆனால் அட்டையை நானே தவறவிட்டேன் என்றால், கையில் அட்டை இல்லாமல் நடந்தவன் ஆகிவிடுவேன். குண்டு வெடித்த அடுத்த நாள். கனடாவுக்குப் பொலிஸ் அறிக்கை வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. நாக்கு என்னைக் கேட்காமலே "வென்ன புளுவன்" என்றது. இருக்கலாம், என்று அர்த்தம்.

பாஸ் என்னை ஒருதரம் பார்த்தார். அடுத்த நாள் பத்து மணிவரை அவரைக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கரியரைக் கழுவினேன்.

அவரும் என்மேல் முறைப்பாடு கொடுத்தார், நெற்றியில் மூன்று தையலோடு. களவு என்று நான், காயம் என்று அவர். இரண்டையும் சேர்த்து மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன வழக்குகளை நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்கிற சபை. கடிதம் வந்த அன்று வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு முழுவதற்கும் இரண்டும் இரண்டும் ஐந்து என்று படிப்பித்தேன். ஒரு பிள்ளையும் மறுத்துச் சொல்லவில்லை; அவர்களுக்கும் ஏதோ பயம்.

சபை ஒரு ஞாயிறு காலை, பாடசாலை வகுப்பறை ஒன்றில் கூடியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகள். எங்களுடைய முழங்கால்கள் காதுவரை வந்தன. மத்தியஸ்தர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற சிங்களத் தலைமையாசிரியை ஒருவர், ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர், இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை நிதானமான தமிழில் சொன்னார்: "இங்கே தீர்ப்பு இல்லை. இங்கே சொல்றது கோட்டுக்குப் போகாது. அப்படி எண்டா, பொய் சொல்லத் தேவையும் இல்லை."

நான் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். இருட்டு, குழப்பம், சூழ்நிலை என்று நல்ல சொற்கள். பாதியில் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எனக்கு ஒண்டு மட்டும் வெளங்கல்ல. நீங்க ரெண்டு பேரும் தமிழ் ஆக்கள் தானே. பொறகு ஏன் சிங்களத்துல கத்தின?"

 

பிறகு பாஸ் கதைத்தார். சத்தமில்லாமல், எனக்கல்ல, மேசைக்குச் சொல்வதுபோல.

"நெத்தி ஆறிரும். அடியும் ஆறிரும். ஆனா நான் வீட்டுக்குள்ள போய் வேலை செய்யிற ஆளு. குசினி, பாத்ரூம், எல்லா எடமும் போவேன். அந்த லேன்ல நாலு வீட்டுச் சாவி என்கிட்ட இருந்துச்சு. ஏழாம் நம்பர் அன்ரி பன்னெண்டு வருசமா சாவி குடுத்து வச்சிருந்தாங்க. மகன்கிட்ட போனாங்கன்னா வீடு என் பொறுப்பு. மறுநாளே திரீவீல்காரன அனுப்பி வாங்கிட்டாங்க. அவங்களே வரலைங்க. இப்ப ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. பைப் ஒடஞ்சா மருதானையிலருந்து ஆள் கூட்டியாறாங்க."

"உங்களுக்கு இவரிட்ட என்ன வேணும்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

நான் உடனே மருத்துவச் செலவைத் தருவதாகச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அது வேணாம். எந்த லேன்ல கத்துனாரோ அந்த லேனுக்கு வரணும். வீடு வீடா. நான் திருடன் இல்லன்னு அவர் வாயால சொல்லணும். பொலிசுல சொன்னதையும் சொல்லணும். தமிழ் வீட்டுல தமிழ்ல, சிங்கள வீட்டுல சிங்களத்துல."

 இதைப் பெரிய தண்டனை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் வாழ்ந்து பழகியவனைப் பத்தொன்பது வாசலில் ஏறி "நான் இன்னார், இப்படிப்பட்ட கோழை" என்று சொல்லச் சொல்கிறார். தண்டப்பணம் என்றால் கட்டிவிட்டு முகத்தை மறக்கலாம். நீதிமன்றம் அவரை விடுதலை செய்திருந்தால் ஒரு கடுதாசி கிடைத்திருக்கும். ஏழாம் நம்பர் அன்ரி அதை வாசிக்கப் போவதில்லை. பெயர் கெட்டது அந்த ஒழுங்கையில். நிமிர்த்துவதென்றால் அங்கேதான் நிமிர்த்த வேண்டும். இது எனக்கு அந்தச் சின்னக் கதிரையில் விளங்கிவிட்டது. விளங்கியதற்கும் விரும்புவதற்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். முதல் வாசலில் மணியை அழுத்தினேன்.

"வணக்கம். நான் கடைசி வீட்டுப் பின்னறையில இருக்கிறனான். அண்டைக்கு ஒரு தவறு நடந்துபோச்சு…"

பின்னாலிருந்து மெதுவாக: "நடக்கல சார். நீங்க செஞ்சீங்க."

திருத்திச் சொன்னேன். "நான்தான் கத்தினனான். இவர் கள்ளன் இல்லை. என்ர அட்டையைத் தரத்தான் வந்தவர். நான் பயந்திட்டன். பொலிசிலயும் உண்மையைச் சொல்லேல்ல."

வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு எங்களைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை.

மூன்றாவது வாசலில் ஒரு அம்மா, "அட, நீங்க இந்த லேனிலயா இருக்கிறீங்க? நாங்க அந்த அறை பூட்டிக் கிடக்குது எண்டல்லோ நினைச்சம்!" என்றார். எனது மறைந்து வாழும் திட்டம் எவ்வளவு வெற்றி பெற்றிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், ஏனோ அந்த வாசலில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றேன். எட்டாவதில் ஒரு சிங்களப் பெரியவர் என்னை இருத்தி வைத்து முழுக் கதையையும் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார், மனைவி குளித்துக்கொண்டிருந்தாராம், அவர் கேட்கவில்லையாம். திரீவீல்காரர்களுக்கு நான் சொன்னபோது ஒருவன் மட்டும் பாஸின் கையைப் பிடித்தான். மற்ற இருவரும் திரீவீலின் கண்ணாடியைத் துடைத்தார்கள். பதினோராவதில் ஒருவர், "பொலிஸ் சும்மா ஒருத்தரைப் பிடிச்சு வச்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கேற்றைச் சாத்தினார்.  அந்த வருடங்களில் சும்மா பிடித்து வைக்கப்பட்டவர்களுக்காக யாரும் வீடு வீடாக வரவில்லை. பலருக்கு, வந்து சொல்வதற்கு வீடும் இருக்கவில்லை. சின்னக் கதிரைகள் போட்டுப் பேசித் தீர்க்கிற அளவுக்கு எங்களுடையது சின்னதாக இருந்தது எங்களுடைய அதிர்ஷ்டம்.

ஏழாம் நம்பரை அவர் கடைசியாக வைத்திருந்தார். அன்ரி பூப்போட்ட சட்டையோடு, மாதா கோயிலால் வந்த கையோடு, வாசலில் நின்றபடியே கேட்டார். முழுவதையும் கேட்டார்.

"படிப்பிக்கிறவர் எண்டு சொன்னாங்க உங்களை," என்றார்.

"ஓம்."

"பிள்ளைகள் பாவம்."

பிறகு பாஸைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "குசினி பைப் ஒழுகுது. புதன்கிழமை வா. நான் வீட்டிலதான் இருப்பன்."

"சரி அன்ரி."

சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அன்ரி, இவர் ஒண்டும் செய்யாதவர். சாவியை நீங்கள் திருப்பி…"

"சார்," என்றார் பாஸ். "போதும்."

வெளியே வந்தோம். பத்தொன்பதும் முடிந்துவிட்டது. வெயில் ஏறியிருந்தது. எனக்கு அவரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போல இருந்தது. அந்த நகரத்தில் என் உண்மை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "ஒரு பிளேன்டீ குடிப்பமே?" என்று கேட்டேன், முதற்தடவையாக வீதியில், தமிழில்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்ல வேண்டியதெல்லாம் சரியாச் சொன்னீங்க சார். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க." கும்பிடவில்லை, கோபிக்கவும் இல்லை. போய்விட்டார்.

பின்னேரம் மனைவிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "அந்த மனுசன் இரவு முழுக்க உள்ளுக்க இருக்கேக்க நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேட்டாள். நான் ஒரு பகிடி சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

பிறகு ஒழுங்கையில் அவரைக் காண்பேன். கருவிப் பையோடு ஒரு வாசலுக்குள் போவார், இன்னொன்றிலிருந்து வருவார். தலையை ஒருதரம் அசைப்பார். வீடுகள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஏழாம் நம்பரிலும் அவரை நன்றாகவே நடத்தினார்கள். தேத்தண்ணி கொடுப்பார்கள். ஆனால் அவர் உள்ளே வேலை செய்கிற நேரமெல்லாம் அன்ரி குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, கையில் செபமாலையோடு, அவரையே பார்த்துக்கொண்டு இருப்பார். ஒழுங்கையால் போகும்போதும் வரும்போதும் திறந்திருக்கும் கதவுக்குள்ளால் எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடம் அங்கே தேவைப்படாத கதிரை. நான் கனடா போகும்வரை அன்ரி அதை எடுத்து வைத்ததை நான் காணவில்லை.