செலினின் முன்பல்

என் மகளின் முன்பல்லை உடைத்தவள் நான். அவள் பள்ளிப் படியில் விழவில்லை. எங்குமே விழவில்லை. அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துச் சென்று, துணி துவைக்கும் கல்லின் விளிம்பில் அவள் வாயை மோதினேன்... நான், அவளைப் பெற்றவள்!

காரணம் கேட்பீர்கள். சொன்னால் காறி உமிழ்வீர்கள்.

நாகலூரில் எங்கள் வீடு. என் கணவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் ஏற்காடு டவுனில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அன்று வகுப்பறை வாசலில், மாணவிகளின் காதுபடத் தலைமையாசிரியை என்னை ஏசியிருந்தார். அந்தக் கொதிப்போடு பஸ்ஸில் நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தேன். நல்ல மழை. வாசலில் காயப் போட்டிருந்த மிளகு முழுதும் நனைந்து கிடந்தது. மழை வந்தால் அள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். செலினோ உள்ளே அமர்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எட்டு வயது.

அவ்வளவுதான். மிளகு!

ஓடு உடைவது போல ஒரு சத்தம். பிறகு இரத்தம். கல்லின் மேல் விழுந்து மழைநீரில் கரைந்து ஓடியது. பல்லில் பாதியைக் காணவில்லை. மீதியின் நடுவே சிவப்பாய் ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் பல்லின் உயிர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அழுதாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? "நா இப்பவே அள்ளிர்றேனுங்கம்மா..." என்றாள், வாய் நிறைய இரத்தத்தோடு. அப்படியே மண்டியிட்டு மிளகை அள்ளத் தொடங்கினாள்.

மாலையில் கணவர் வந்தார். பதறிப்போனார். "என்ன கண்ணு ஆச்சு?"

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஸ்கூல் படியில உழுந்துட்டாளுங்க."

"கெளம்பு, இப்பவே சேலம் போலாம்" என்றார். நான் விடவில்லை. ஏன் என்கிறீர்களா? அவள் கன்னத்தில் நான் அறைந்த விரல்தடம் இருந்தது; விளக்கொளியில் கணவர் கவனிக்காததை மருத்துவர் கவனித்துவிடுவாரே! "வீக்கம் வடியட்டுமுங்க" என்று நாளைக் கடத்தினேன். கன்னத்துத் தடம் மறைந்தது. அதற்குள் பல்லும் செத்துவிட்டது.

சேலத்தில் ஒரு பெண் மருத்துவர். மெல்லப் பேசுவார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பல்லு செத்துருச்சுங்க. ஆனா காப்பாத்திரலாம். எட்டு வயசுல வேரு முழுசா வளந்திருக்காது, நுனி தொறந்தே இருக்கும். அதனால பெரியவங்களுக்குப் பண்ற மாதிரி ஒடனே அடைக்க முடியாதுங்க. உள்ள மருந்து வெச்சு, அப்பப்ப மாத்தி, நுனி மூடற வரைக்கும் பொறுமையா இருக்கோணும். நடுவுல உட்டுட்டா சீழ் புடிச்சிரும்."

"வந்தர்றோமுங்க" என்றேன். சத்தியம் செய்வது போலச் சொன்னேன்!

இரண்டாம் முறை போனபோதுதான் அது நடந்தது. மருந்தை மாற்றி, மேலே தற்காலிகமாக அடைத்தபின், அவர் செலினின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"படியில உழுந்தா கையைத்தான் மொதல்ல ஊணுவோம். மொத தடவ வந்தப்பவே உன் கையில ஒரு சிராய்ப்புகூட இல்லியே கண்ணு?"

செலின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை... என்ன சொல்லட்டும் என்ற கேள்விதான் இருந்தது.

"நா உழுந்துட்டேனுங்க" என்றாள்.

மருத்துவர் அவள் கைகளை மெல்ல அவள் மடியில் வைத்தார். பிறகு என்னிடம், "அடுத்த தடவை பாப்பா மட்டும் உள்ள வரட்டுங்க. நீங்க வெளிய உக்காந்திருங்க" என்றார்.

அடுத்த தடவை என்ற ஒன்றே இல்லாமற்போயிற்று. நான் அவளை அழைத்துச் செல்லவில்லை.

கேளுங்கள், இதுதான் என் பெரிய குற்றம். முதல் அடியை வெறியில் அடித்தேன் என்றாவது சொல்லலாம். இதை வெறி என்பேனா? நிதானமாக, யோசித்து, என் மானத்தை ஒரு தட்டிலும் அவள் பல்லை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துச் செய்தேன். கணவர் கேட்டபோது, "இனி வர வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றேன்.

அடைப்பு எப்போது உதிர்ந்ததென்று தெரியாது. செலின் சொல்லவில்லை. வலித்தபோதும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் மேலுதடு மூக்கு வரை வீங்கி, காய்ச்சலில் உடம்பு தீயாய்க் கொதித்தது. கணவர் வேறொரு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் கூட ஓடினேன்.

அந்த மருத்துவர் முகத்தைச் சுளித்தார். "வேரு மெலிசா இருக்கறப்பவே சீழ் வெச்சு, ஈறுக்குள்ள ஒடைஞ்சும் போச்சுங்க. இனி எடுக்கறத உட்டா வழியில்ல. பாதியில ஏனுங்க நிறுத்துனீங்க?"

"அந்தம்மா போதும்னு சொல்லிருச்சுங்களே!" என்று கத்தினார் என் கணவர்.

நான் செலினின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். சீழ் கோத்த இடத்தில், மரத்துப்போகப் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. குறடு வேரைக் கவ்வித் திருகியபோது அவள் உடல் வில்லாய் வளைந்தது. ஒரு முனகல்கூட வரவில்லை. "இப்படி அழாத புள்ளையை நான் பாத்ததில்லீங்க" என்று மருத்துவர் பாராட்டினார். அழாதிருக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் யார்!

ஊர் திரும்பியதும் கணவர் அந்தப் பெண் மருத்துவரைத் தூற்றாத இடமில்லை. "அந்தம்மாகிட்ட மட்டும் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்று எஸ்டேட் முழுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எந்தெந்தப் பிள்ளைகளின் பற்கள் என் பொய்யால் போயினவோ... யாருக்குத் தெரியும்?

அத்தோடு என் கை அடங்கிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. அதற்குப் பிறகும் அடித்தேன். முகத்தை விட்டுவிட்டு அடித்தேன்! முதுகு, தொடை... சட்டை மறைக்கும் இடங்கள். அவள் வளர்ந்து, ஒரு நாள் ஓங்கிய என் கையைக் காற்றிலேயே பிடித்து, "வேண்டாங்கம்மா" என்று மரியாதையாகச் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போனேன். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், "கோபப்பட்டேன் சாமி" என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. கணவர் படியையும் மருத்துவரையும் திட்டியபடியே வாழ்ந்து இறந்துபோனார்.

செலின் இன்று சேலத்தில் இருக்கிறாள். முன்பக்கத்தில் கட்டிய பல். அவளுக்கு ஒரு மகள். சென்ற விடுமுறையில் இருவரும் வந்திருந்தார்கள். குழந்தைக்குப் புதிதாய் முன்பற்கள் முளைத்திருந்தன. விளிம்பில் அரம் போலச் சின்னச் சின்ன முனைகள்.

"பாப்பாவை ஒரு வாரம் இங்க உட்டுட்டுப் போயேன்" என்றேன்.

"அவ என்னைய உட்டு இருக்க மாட்டாளுங்கம்மா."

செலினின் மாமியார் வீட்டில் அம்மா இல்லாமல் ஒரு மாதம் இருந்ததைக் குழந்தையே எனக்குச் சொல்லியிருந்தது.

அப்போது வெளியே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஓடிவந்து என் மடியருகே நின்றது. தலையில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. அதை எடுக்கக் கையை உயர்த்தினேன்.

செலினின் கை குறுக்கே பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. செலின் மெல்லத் தன் விரல்களை விடுவித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றாள். "பழக்கமுங்க."

என்னிடம்... அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்!

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா? "பரவால்ல கண்ணு" என்றேன்.