வளைவுகளில் நின்ற பஸ்

என் கணவர் மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியவர். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம், மறுபடி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அவர் அந்தச் சாலையில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தார். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாய் கோணி, குழாயடியிலேயே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குக் கால் வந்தது. இடது கை வரவில்லை. பேச்சு குழறலாக, நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் நீளாததாக வந்தது.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வெலிங்டன் பக்கத்தில் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. காலையில் அவருக்கு இட்லி ஊட்டி, தலையணையைச் சரி செய்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் போகும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரோ அந்தப் பக்கமே படுத்திருப்பார். சவரம் செய்துகொள்ள மாட்டார். ஆள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்கள் ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக் கிடப்பவரிடம் எவ்வளவு நேரம் பேசுவது?

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் அலுவலகத்தில் கழித்துவிட்டது. அதோடு மேசையில் பூட்டிக்கொள்ளும் ஒரு ஸ்டியரிங்கும், காலால் மிதிக்கும் பெடல்களும். "அப்பா, இது பஸ் ஓட்டற கேம். கிளட்ச் வேண்டாம், ஒரு கை போதும்" என்றாள்.

"சின்னப் பசங்க வெளயாடறது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை ஸ்டியரிங்கின் உச்சியில் இருந்தது. "இத ஆன் பண்ணு புள்ள" என்றார்.

அது ஏதோ வெளிநாட்டு மலை. ஊசியிலை மரங்களும் பனியுமாக இருக்கும். ஆனால் சாலை சாலைதானே. ஒரு வாரத்தில் அவர் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். நான் பள்ளியிலிருந்து வரும்போது சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருப்பார். நான் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவேன். அவர் ஓட்டுவார். எதிரே லாரி வந்தால் திட்டுவார். அந்த ஊர்ப் பெயர்களை வாயில் நுழையாமல் உளறி, "எறங்குங்க, எறங்குங்க" என்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார், கோணலாக. அந்தச் சில மாதங்கள் நாங்கள் நன்றாக இருந்தோம் என்றே சொல்வேன்.

மழைக்காலம் தொடங்கியபோது கேம் நிற்க ஆரம்பித்தது.

முதலில் லேசான திக்கல்தான். வண்டி வளைவில் திரும்பும்போது படம் அப்படியே உறையும், பிறகு குதித்து ஓடும். போகப் போக உறைவது நீண்டது. படம் மறுபடி உயிர் பெறும்போது பஸ் தடுப்புச் சுவரில் மோதியிருக்கும், அல்லது பள்ளத்தில் கிடக்கும். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. என் கணவர் வேலையில் இருந்தவரை ஒரு தடுப்புச் சுவரைக்கூட உரசியதில்லை. ஒவ்வொரு தடவை மோதும்போதும் அவர் முகம் சுண்டிப்போகும்.

"நிக்குது புள்ள. வளைவுல நிக்குது."

"சரி பண்ணிரலாமுங்க" என்றேன்.

மகள் பெங்களூரிலிருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரின் திரையைப் பார்க்க ஏதோ ஏற்பாடு செய்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். படத்தின் தரத்தைக் குறைத்தோம். மரங்கள் அட்டையில் வெட்டியது போல் ஆயின, நிற்பது நிற்கவில்லை. வைரஸ் தேடினோம். கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினோம், எங்கள் வீட்டு இன்டர்நெட்டில் அது ஏறி முடிப்பதற்குள் கரண்ட் பல தடவை போய் வந்தது. பெட்டியைத் திறந்து சைக்கிள் பம்பால் தூசி ஊதினேன். மெமரித் துண்டுகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு நாள் நன்றாக ஓடுவது போல் இருக்கும். மறுநாள் நிற்கும்.

அவர் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். நான் வந்து ஆன் செய்தால் ஓட்டுவார், இரண்டு தடவை மோதியதும் எழுந்துவிடுவார். சவரம் விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பூசையில் முழங்காலில் இருந்தபோது நான் ஒரு கம்ப்யூட்டருக்காக ஜெபித்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் அதைவிட முக்கியமாகக் கேட்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு சின்னச் சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரின் எந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் கோடுகள் ஏறி இறங்கின. படம் உறையும்போதெல்லாம் ஒரு கோடு மட்டும் உச்சியில் போய் நின்றது. "டிஸ்க்கும்மா" என்றாள். "அதுதான் மூச்சு முட்டுது. பெட்டிகிட்ட காத வச்சுக் கேளு." காதை வைத்தேன். உள்ளே டிக், டிக் என்று நகத்தால் தட்டுவது போல் ஒரு சத்தம்.

குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தார்.

"ரோடு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்குதுங்க டீச்சர். வண்டி போகப் போக, அடுத்த பக்கத்த எடுத்து எடுத்துக் குடுக்கணும். இது வயசான டிஸ்க்குங்க. அங்கங்க செத்துப் போயிருக்குது. எடுக்க முடியாம நின்னுருது."

"சரியாகுமுங்களா?"

"இது சரியாகாது. உள்ள இருக்கறத புதுசுக்கு மாத்திக்கலாம். இப்ப வர்றதுல சுத்தற தட்டே இல்லைங்க, சத்தமே வராது. சும்மா பறக்கும்."

பழையதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கக் கடைக்காரருக்குச் சில நாட்கள் பிடித்தன. பெட்டி திரும்பி வந்த அன்று நான் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டேன். முதலில் நானே உட்கார்ந்து தட்டுத் தடுமாறி ஓட்டிப் பார்த்தேன். படம் தண்ணீர் போல ஓடியது. எந்த வளைவிலும் நிற்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அவரை எழுப்பி, முகம் கழுவி, சட்டை மாட்டி உட்கார வைத்தேன்.

அவர் ஓட்டினார். நான் அடுப்பில் பால் வைக்கப் போனேன். மோதும் சத்தம் கேட்டது.

"இன்னும் நிக்குது" என்றார்.

"இல்லைங்களே. நான் ஓட்டினேன். நிக்கலையே."

"நிக்குது புள்ள. நான் பொய் சொல்றனா?"

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டேன். அவள் பெங்களூரிலிருந்து திரையைப் பார்த்தபடி, "அம்மா, எல்லாம் சரியா இருக்கு. டிஸ்க் சும்மா இருக்கு. அப்பாவ ஓட்டச் சொல்லு, பாக்கறேன்" என்றாள். அவர் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். போன் மேசையில் இருந்தது. இத்தனை நாளும் கேம் நிற்கும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு, என்ன தப்பாகச் செய்கிறார் என்று பார்ப்பதற்காக, நான் அவரைப் பார்த்தேன்.

பஸ் ஒரு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் உதடுகள் ஏதோ சப்புவது போல் அசைந்தன. கண் திறந்தே இருந்தது. வலது கை ஸ்டியரிங்கின் மேல் அப்படியே நின்றது. திரையில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது, எதிரே கார்கள் கடந்து போயின, வளைவு நெருங்கி வந்தது. அவர் திருப்பவில்லை. பஸ் நேராகப் போய்ச் சுவரில் ஏறியது.

"ஏனுங்க" என்றேன். "ஏனுங்க!"

போனிலிருந்து மகள், "அப்பா ஏன் திருப்பல?" என்று கேட்டாள்.

அவர் கண் சிமிட்டினார். திரையைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, தான் சொன்னது சரியாகிவிட்ட ஒருவரின் குரலில், "பாத்தியா? நின்னுருச்சு" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "நின்னுருச்சு."

கோயம்புத்தூருக்குப் போனோம். அவர் ஓட்டிய அதே சாலையில், பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார். இவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். வழி முழுக்க ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

டாக்டர் இவர் தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார். ஸ்கேன் எடுத்தார். "வலிப்புன்னா கை கால் இழுத்துக்கணும்னு இல்லம்மா. வாதம் வந்து மூளையில தழும்பு இருக்கிறவங்களுக்கு இப்படியும் வரும். கொஞ்ச நேரம் ஆள் இங்க இருக்க மாட்டார். திரும்பி வந்தா நடந்தது அவருக்கே தெரியாது. எப்பலேர்ந்து இருக்கு?"

மழைக்காலத்திலிருந்து என்றேன். பிறகு தெரியாது என்றேன். கம்ப்யூட்டரும் நின்றுகொண்டிருந்தது, அதனால் தெரியவில்லை என்றேன். டாக்டருக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியவில்லை. டிஸ்க் நின்றது எத்தனை தடவை, இவர் நின்றது எத்தனை தடவை என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த டிஸ்க் நல்லதாக இருந்திருந்தால் முதல் தடவையே எனக்குத் தெரிந்திருக்கும். இவர் நன்றாக இருந்திருந்தால் டிஸ்க் செத்ததற்காக நான் பூசையில் ஜெபித்திருக்க மாட்டேன். எந்தப் பக்கம் திரும்பி நினைத்தாலும் ஆறுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்திருக்கும்போது இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வண்டி ஓட்டும்போது... அப்பவும் இருந்திருக்குமா?"

"இல்லங்க. இது வாதத்துக்கு அப்புறம் வந்தது."

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் மறுபடி கேட்டார். "இருந்திருந்தா?"

"டாக்டர் இல்லைன்னு சொன்னாருங்களே."

"அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதுங்கறாரு." அதற்குப் பிறகு அவர் சாலையைப் பார்க்கவில்லை. முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பர்லியாறு பக்கம் பஸ் நின்றபோது டீ வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மாத்திரை ஆரம்பித்தோம். நிற்பது குறைந்தது என்று நினைக்கிறேன். ஆனால் பகலெல்லாம் தூங்கினார். சில வாரம் கழித்து, கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு சாயங்காலம், "கேம் போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

"இப்ப நல்லா ஓடுதுங்க. ஒரு தடவ பாருங்க."

"வேண்டாம் புள்ள. தெரிஞ்சே ஓட்டக் கூடாது. உள்ள ஆள் இருக்காங்க."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏனுங்க, அது வெறும் படமுங்க. அந்த ஆளுங்க நெசமில்லைங்க."

"தெரியும்" என்றார். ரொம்ப நேரம் வார்த்தை தேடினார். "ஆளுங்க நெசமில்ல. சரி. ஓட்டறது நானுதான?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. ஒற்றைக் கையாலேயே திருகுகளைக் கழற்றி, ஸ்டியரிங்கையும் பெடல்களையும் துண்டில் சுற்றிக் கட்டிலடியில் தள்ளியிருந்தார். அவருடைய வலது கை விரல்களில் தோல் உரிந்திருந்தது. எவ்வளவு நேரம் போராடினாரோ தெரியாது. மஞ்சள் பத்துப் போட்டேன்.

கம்ப்யூட்டர் இருக்கிறது. மகள் கேட்டதற்காக அவ்வப்போது ஆன் செய்து அணைக்கிறேன். கண் மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடுகிறது. அவள் வேறு கேம் ஏதாவது, கேரம், சீட்டு என்று ஏற்றித் தரட்டுமா என்கிறாள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிடுகிறேன். கேட்கவில்லை. நோட்டுகளை இப்போது சமையலறையில் உட்கார்ந்து திருத்துகிறேன், அவர் தூங்குவது கெடாமல் இருக்க.

நேற்று சாயங்காலம் மழை விட்டு, எதிர்ச் சரிவில் தேயிலை வெளிச்சமாகத் தெரிந்தது. அவர் விழித்திருந்தார். "கொஞ்சம் வெளிய போய் நிக்கலாமுங்களா?" என்றேன்.

"எதுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது போல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டு, உலை வைக்க எழுந்து போனேன்.