‘ஆகட்டுங்க’ என்றால் ஆகிவிட்டதா?

நர்சிங் படிக்க விண்ணப்பித்த என் மகள், கல்லூரியின் பதிலுக்குக் காத்திருந்தாள். போன் போட்டு, “எம்புள்ளைக்கு சீட்டு உண்டுங்களா?” என்று கேட்டேன். “ஆகட்டுங்க, சொல்றோம்” என்றார் அலுவலக அம்மா. கிடைத்துவிட்டதென்று வெண்ணந்தூரில் தெரு முழுக்கச் சொன்னேன்.

மறுநாள், அவள் விண்ணப்பித்திருந்த அரசுக் கலைக் கல்லூரியிலும் கலந்தாய்வு. “எதுக்கும் போயிட்டு வந்தரலாங்கப்பா” என்றாள் மகள். “அதான் ஆகட்டும்னுட்டாங்களே சாமி, அலைச்சல் எதுக்கு?” என்று நான்தான் தடுத்தேன்.

நர்சிங் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கலைக் கல்லூரியிலும் இடங்கள் நிரம்பிவிட்டன.

என் தறிப்பட்டறையில் பேச்சை முடிக்க நானும் தினமும் ‘ஆகட்டுங்க’ என்றுதான் சொல்வேன். அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரியாதா?

“அடுத்த வருசம் மறுபடி போடலாங்களாப்பா?” என்று நேற்று கேட்டாள். ‘ஆகட்டும்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “போடலாம் சாமி, ரெண்டு காலேஜுக்கும் நானே கூட வாரேன்” என்றேன்.