வெண்ணெய்க் கை

இந்த ஜெர்மன் ஊரில் மனநல டாக்டரிடம் போனால் கட்டைவிரலை மடக்கச் சொல்கிறார். படபடப்பு, தலைசுற்றல், தூக்கமில்லை என்று போயிருந்தேன். விரல் முன்கையில் போய்ப் படிந்ததும் அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "சின்ன வயதில் சர்க்கஸ் மாதிரி வளைவீர்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் வீட்டில் யாரும் சர்க்கஸில் இல்லைங்க, விவசாயக் குடும்பம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் திசு பிறவியிலேயே தளர்ச்சி, படபடப்பும் மயக்கமும் அதோடு சேர்ந்தே வரலாம், அதை வெறும் பயம் என்று எழுதி மூடிவிடுகிறார்கள் என்றார். இதே ஊரில் இவருக்கு முன்னால் என்னைப் பார்த்த டாக்டர்கள் 'ஸ்ட்ரெஸ்' என்று அனுப்பிவைத்தவர்கள்தான். இந்த ஊரையும் நான் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன்.

திரும்பும்போது டிராமில் என் தங்கை மல்லிகாவின் விரல்தான் கண்ணுக்குள் நின்றது. பாபநாசத்து வளையல்காரம்மா அவள் கையைப் பிடித்தால் விட மாட்டார். "வெண்ணெய்க் கைடி உனக்கு! குழந்தை வளையலே ஏறிடும் போலருக்கே!" கடையே சிரிக்கும். நடவு வயலில் குனிந்து நிமிர்ந்தால் அவளுக்குக் கண் இருட்டும். அதற்கு 'வேலைக்கு வளையாத உடம்பு' என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் தோள் மூட்டு நழுவி, இடுப்பிலிருந்த பிள்ளை கீழே விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் 'மென்டல்' என்று பேர் விழுந்தது. அன்று முதல் அவளுக்கு மாத்திரை. பிள்ளையைத் தொட விடாமல் மாமியார் வைத்துக்கொண்டார்.

அவளிடம் போனில் எல்லாம் சொன்னேன். அவளுக்கு மாத்திரை எழுதும் தஞ்சாவூர் மனநல டாக்டர், "உடம்புக் கோளாறாகவும் இருக்கலாம்" என்று அவள் புருஷன் காதுபட ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை அவள் மடிக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். புருஷனோடு போனாள். விரலை மடக்கிக் காட்டினாள்.

"என்னடி சொன்னார்?"

"'யோகா பண்றீங்களா? வெரி குட்'னார்க்கா. தோள் நழுவுதுன்னேன். 'எல்லாம் மனசு பண்ற வேலைம்மா'ன்னு மாத்திரையைக் கூட்டிட்டார். வெளில வந்ததும் இவரு, 'ஒங்கக்கா ஜெர்மனிலேர்ந்தே வைத்தியம் பாக்குறாங்களோ'ங்கிறாரு. விடுக்கா."

மாத்திரை தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தத் தோளை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்ததில்லையே! மனசைப் பார்க்கிறவர்களுக்கு உடம்பு என்ன தீட்டா? வித்தை என்றால் மெச்சுகிறார்கள், வலி என்றால் நடிப்பு என்கிறார்கள். தூ!

இங்கே மூட்டு நழுவாமலிருக்க என் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டிருக்கிறார்கள். நேற்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் காலடியில் பிள்ளை வந்து நின்று, "அம்மா, தூக்கு" என்றது. மல்லிகா அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பட்டை போட்ட என் கை தானாக நீண்டு, போன் கண்ணாடியில் முட்டி நின்றது.